வீட்டு மூலிகைகளும் நாம் கவனிக்க வேண்டியவையும்

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்கள் தாம் அறிந்த கைவைத்தியத்தையும் உடன் கொண்டு வந்தனர். கோலா கெத்தில், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, முருங்கை, வேம்பு ஆகியவை பழகிய மருந்துகளே. இவற்றை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் எதை, யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்ற மூன்றையும் அறியாமல் கொடுத்தால் மருந்தே நஞ்சாகிவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். எண்ணெய் உள்ளே சென்ற சில மணி நேரத்திற்குள் அக்குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டன. ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டன. வேம்பு அம்மனுக்கு உகந்த மரம் என்பதால் அதன் எண்ணெயும் தீங்கு செய்யாது என்று எண்ணிவிடுகிறோம். வேப்பிலையால் உடம்பை வருடுவது வேறு. விதையில் எடுத்த எண்ணெயைக் குடிக்கக் கொடுப்பது வேறு. குழந்தைகளுக்கு ஒரு சொட்டும் புகட்ட வேண்டாம்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. துளசி, கற்பூரவல்லி: சாதாரணச் சளிக்கு நாலைந்து இலைகளைக் கழுவி, ஒரு குவளை நீரில் கொதிக்க வைத்துப் பெரியவர்கள் அருந்தலாம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

2. தேன்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தச் சாற்றிலும் கலந்து கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

3. வசம்பு: 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் பெற்றாலும், இதிலுள்ள ஒரு பொருள் தீங்கானது என்று கண்டு, அமெரிக்கா 1968-இல் உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. உரைத்துப் புகட்டுவதைத் தவிர்க்கவும்.

4. கற்பூரம்: பூசைக்கு மட்டுமே. சிறிதளவு விழுங்கினாலும் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்.

5. கீழாநெல்லி: பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மஞ்சள் மிகுந்தால் மூளையைப் பாதிக்கும். அன்றே கிளினிக்கில் இரத்தம் பார்க்க வேண்டும்.

6. மருதாணி: 'ஜி-6-பி-டி' குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பூசக் கூடாது, இரத்த அணுக்கள் சிதையும்.

7. ஆடாதோடை: கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது, கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது.

8. பாகற்காய்ச் சாறு, வெந்தயம்: நீரிழிவு மாத்திரையோடு மிகுதியாகச் சேர்ந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு உண்ணவும்.

கடையில் வாங்கும் சூரணம், லேகியங்களில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கலந்திருப்பதுண்டு.

வீட்டு மருந்து கொடுத்தபின் வாந்தி, மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் கண்டால் உடனே 999-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். மருந்துப் புட்டியையும் இலையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். ஏசுவார்களோ என்று அஞ்சி, கொடுத்ததை மறைக்க வேண்டாம். எதைக் கொடுத்தோம் என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை தாமதமின்றித் தொடங்கும். பாட்டி சொன்ன மருந்தைப் போற்றுவோம். பேரப்பிள்ளையின் உயிரை அதைவிடப் போற்றுவோம்.