தனியாகக் கூத்துப் பார்க்கப் போகலாமா?

சித்திரை, வைகாசி வந்தால் காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு வார விடுமுறையில் அதைப் பார்க்க ஆசை வந்தால், “தனியாகவா?” என்ற ஒற்றைக் கேள்வியோடு பேச்சு முடிந்துபோகிறது. துணைக்கு ஆள் உண்டா என்பதைவிட, நடத்துகிறவர்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள், முடிந்தபின் எப்படித் திரும்புவது என்பவற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்குப் பலர் குடும்பத்தோடுதான் வந்தார்கள். டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் உண்டு. நெரிசலில் சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். கூட வந்தவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. 2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசத்தில் வெயிலில் நின்ற கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆகவே தண்ணீர், நிழல், வெளியேறும் வழி, கடைசி பஸ் ஆகியவற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் முன்ஜாக்கிரதை. இந்தக் கணக்கில் கிராமத்துக் கூத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது. இசை நிகழ்ச்சி பஸ் ஓய்கிற நேரத்தில் முடிந்து ஆளைச் சாலையில் விட்டுவிடும். கூத்தோ விடியும்போது முடிகிறது, முதல் பஸ்ஸும் வந்துவிடும். நடுவில் எழுந்து தனியே கிளம்பாமல் இருந்தால் போதும்.

சட்டமும் நடத்துகிறவரைப் பொறுப்பாக்குகிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் கோயில், திருவிழா போன்ற இடங்களின் பொறுப்பாளர்கள் மீதும் தடுக்கும் கடமையை வைக்கிறது. பஸ்ஸில் சீண்டல் நடந்தால், புகார் சொன்னதும் வண்டியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது ஊழியர்களின் பொறுப்பு. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கில் தொட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை தாண்டியது என்று திருப்பி அனுப்பக் கூடாது. வாயால் சொன்னால் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அடுத்து நீதித்துறை நடுவரிடம் போகலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. டிக்கெட் வாங்கி ஏமாந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள், வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது. இலவசக் கூத்துக்கு இந்த வழி இல்லை.

நள்ளிரவில் கை நீள்கிறபோது சட்டம் பக்கத்தில் நிற்காதே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் பெண்கள் அமரும் பக்கமாக, வெளிச்சத்தில், விழாக் குழுவினர் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்று ஒருத்தியிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஹாஸ்டல் நிர்வாகத்தின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: ஏதாவது நடந்தால் பழி எங்கள் தலையில்தானே விழும்? ஆனால் இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இரவு இறங்கும் பெண்ணை எந்த வார்டனும் ஒழுக்கக் கேள்வி கேட்பதில்லை. பெண்களின் இரவு வேலைக்கான தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோதும் போக்குவரத்து உள்ளிட்ட நிபந்தனைகளை நிர்வாகத்தின் மேல்தான் சுமத்தியது. உற்பத்திக்கு ஆகிற இரவு, பொழுதுபோக்குக்கு மட்டும் ஏன் ஆகாது? கேட்டை மூடிவிட்டால் பாதியில் திரும்பியவள் ரோட்டில்தான் நிற்பாள். ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. போகிறவளின் பெயரையும் ஊரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அவள் போன் செய்தால் எடுக்க ஓர் ஆளை வைத்து, எந்நேரம் வந்தாலும் உள்ளே விட்டால் ஆயிற்று.