ஃபாஸ்டேக் ‘ரீட்’ ஆகவில்லையா? பிழை எங்கே, உரிமை என்ன?

ஃபாஸ்டேக்குக்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியில் தலைக்கு மேலே இருக்கும் ஆன்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையை அனுப்புகிறது. டேக்கில் உள்ள சிப் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதே அலையைச் சற்று மாற்றித் திருப்பி அனுப்பித் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. இப்படிக் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆகவே டேக்கைச் சுற்றி என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

புனேயின் கட்கியிலிருந்து ஊருக்குக் காரில் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் தேசிய நெடுஞ்சாலை 48இல் கேட் சிவாப்பூர் தொடங்கி கிருஷ்ணகிரி வரை பல சுங்கச்சாவடிகளைக் கடக்க வேண்டும். டேக்கை முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டியதில் கோளாறு இருந்தால் ஒவ்வொன்றிலும் அதே தகராறுதான்.

உலோகம்தான் முதல் எதிரி. அது அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். டேக்கை ஒட்டினாற்போல் இருந்தால் டேக்கின் ஆன்டெனாவையே செயலிழக்கச் செய்யும். வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த முன்பக்கக் கண்ணாடியும், உலோகம் கலந்த சன் ஃபிலிமும் கண்ணுக்குத் தெரியாத தகரம் மாதிரி. இத்தகைய கண்ணாடி உள்ள பல கார்களில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு பகுதியைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அங்கே கறுப்புப் புள்ளிகள் தெரியும். டேக்குக்கு அதுதான் இடம்.

தண்ணீர் அலையை விழுங்கும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கையில் பிடித்துக் காட்டும் டேக்கும் சரியாக வேலை செய்யாது. இன்னொரு காரணமும் உண்டு. டேக்கின் ஆன்டெனா, கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்போது சரியான அலைவரிசையில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. கண்ணாடியை விட்டு விலகினாலே அந்தச் சுருதி பிசகிவிடும். ஒட்டாமல் கையில் வைத்திருக்கும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாக தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. ஒட்டியதை உரித்து வேறு இடத்தில் ஒட்டவும் கூடாது. உரித்தால் ஆன்டெனா அறுந்துபோகும் விதமாகவே அது செய்யப்பட்டிருக்கிறது.

“டேக் ரீட் ஆகவில்லை, காசு கொடுங்கள்” என்று ஊழியர் சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டிவிடத் தேவையில்லை. கணக்கில் போதிய இருப்பும் செல்லத்தக்க, பழுதற்ற டேக்கும் இருந்து, சாவடிக் கருவியின் கோளாறால் பணம் கழிக்க முடியாமல் போனால் கட்டணமின்றி வாகனத்தை விட வேண்டும்; பூஜ்யக் கட்டண ரசீதும் கட்டாயம் தர வேண்டும். 2018 மே மாதம் திருத்தப்பட்ட தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதி சொல்வது இது. ஆனால் கோளாறு சாவடிக் கருவியில் இருக்க வேண்டும். கையடக்க ரீடரை அருகில் கொண்டுவந்தால் எண் வருகிறது என்றால் சிப் உயிரோடிருக்கிறது என்பது மட்டுமே உறுதி. அதே பாதையில் மற்ற வண்டிகளும் தடுமாறுகின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஒரே வண்டி சாவடிக்குச் சாவடி நின்றால் கண்ணாடியையும் ஒட்டிய இடத்தையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

அலட்சியத்துக்கு விலை உண்டு. 2025 நவம்பர் 15 முதல், செல்லத்தக்க டேக் இல்லாமல் நுழைவோர் ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு, யுபிஐயில் கட்டினால் 1.25 மடங்கு. 100 ரூபாய்க் கட்டணம் 200 அல்லது 125 ஆகிவிடும்.

ரசீது மறுக்கப்பட்டால் சாவடியின் பெயர், பாதை எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 1033 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ரொக்கமும் கட்டி, டேக்கிலும் பணம் போயிருந்தால் ரசீதுடன் டேக் வழங்கிய வங்கியை அணுக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மும்பை பக்கம் போகும் கட்கிவாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மும்பை–புனே விரைவுச்சாலை மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகத்தின் கையில் இருக்கிறது. அங்கே தேசிய நெடுஞ்சாலை விதியைக் காட்டி வாதாடிப் பயனில்லை. மாநில அரசின் அறிவிக்கைகளே செல்லும்.