30 நாளா, ஒரு மாதமா? தகவல் உரிமை மனுவின் தேதிக் கணக்கு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் அனுப்பிய மனு, 2025 ஜனவரி 31 அன்று அலுவலகத்துக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பதில் எந்தத் தேதிக்குள் வரவேண்டும்? "ஒரு மாசம்தானே" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் பிப்ரவரியில் 31ஆம் தேதியே கிடையாதே!

கணினியிடம் கேட்டாலும் ஒரே பதில் வராது. ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால், பைத்தானில் பலரும் பயன்படுத்தும் டேட்யூட்டில் பிப்ரவரி 28 என்று நிறுத்திக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டோ இல்லாத 'பிப்ரவரி 31'ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, மிச்சம் 3 நாளை மார்ச்சில் தள்ளி மார்ச் 3 என்று காட்டும். இரண்டுமே நமக்கு உதவாது. சட்டம் சொல்வது ஒரு மாதம் அல்ல, 30 நாள். அதன்படி கெடு மார்ச் 2.

நாள் கணக்கு என்றால் கணினி தடுமாறாது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் 2025 ஜனவரி 31இன் எண் 45688, மார்ச் 2இன் எண் 45718. கழித்தால் 30. லீப் வருஷமும் இதிலேயே அடங்கிவிடும்: 2024இல் இதே மனு என்றால் கெடு மார்ச் 1.

இதை உங்கள் போனிலேயே செய்யலாம். ஷீட்ஸில் ஒரு கட்டத்தில் தேதியை அடியுங்கள். அடுத்த கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தைத் தொட்டு, +30 சேர்த்தால் போதும். முதலில் அமைப்புகளில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்றிருந்தால் 2/3/2025 என்பது பிப்ரவரி 3 ஆகிவிடும்!

இன்னொன்று, கழித்தல் கணக்கில் தொடக்க நாள் சேராது. மனுவுக்கு அதுதான் சரி. கிடைத்த மறுநாள்தான் 1. ஆனால் 10ஆம் தேதி முதல் 15 வரை லீவு என்றால் கழித்து வருவது 5, நீங்கள் எடுப்பது 6 நாள். அங்கே ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லையா? மார்ச் 2 முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 1க்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மார்ச் 3 என்று நினைத்து அதிலும் ஒரு மாதம் கூட்டியவர் ஏப்ரல் 3 வரை காத்திருப்பார். அதன்பிறகு, தாமதத்துக்கான காரணத்தை மேல்முறையீட்டு அலுவலர் ஏற்றால்தான் உண்டு. கணக்கு தொடங்குவது நீங்கள் தபாலில் போட்ட நாளில் அல்ல, அலுவலகத்துக்குக் கிடைத்த நாளில். ஆகவே ஒப்புகை அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்த மனு என்றால் +30க்குப் பதில் +35.