ஐந்து காசுத் தூண்டில் முள்

சென்ற ஆனி மாதத்தில் குமராட்சியில் உள்ள நமது கடையைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. கண்ணாடி அலமாரியும் கணினி ரசீதும் வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றதால் நாமும் சம்மதித்தோம். பரணைக் காலி செய்தபோது பழைய பேரேடுகள், எலி கடித்த சாக்கு, சங்கிலி அறுந்த தராசுத் தட்டு ஆகியவற்றோடு ஒரு பிஸ்கட் தகர டப்பாவும் கீழே வந்தது. மூடி துருவேறி இறுகியிருந்தது. திருப்புளியால் நெம்பித் திறந்தோம். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் பொதிந்த தூண்டில் முட்கள்.

மளிகைக் கடையில் தூண்டில் முள் எதற்கு என்று மகன் கேட்டான். நம் இதழைப் படிக்கும் இளைய வணிகர்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். மூத்தவர்களுக்கு வராது. கிராமத்துக் கடையில் எது விற்கும் எது விற்காது என்று அந்த நாளில் யாரும் எல்லை கட்டவில்லை. மிளகாயும் மண்ணெண்ணெயும் விற்ற கடையில்தான் ஆணி, லாந்தர் திரி, மாட்டுக் கயிறு, பள்ளிக்கூடத்துச் சிலேட்டுக் குச்சி எல்லாம் விற்றோம். நம் ஊருக்குத் தெற்கே கொள்ளிடம். கீழணையிலிருந்து வரும் வடக்கு ராஜன் வாய்க்காலின் பாசனம் இந்தப் பக்கமெல்லாம் பாய்கிறது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது. மேற்கே போனால் வீராணம் ஏரி. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வயல் வரப்பு மடையில்கூட மீன் துள்ளும். இப்படிப்பட்ட ஊரில் தூண்டில் முள் விற்காத கடை கடையே அல்ல.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சொல்கிறோம். கடலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1993-இல். அப்போது நாமெல்லாம் தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள். தந்தையார் வாரம் ஒரு முறை சிதம்பரம் போய்ச் சரக்கு எடுத்து வருவார். நூறு முள் கொண்ட சிறு அட்டைப் பெட்டியாக முள் வரும். நல்ல முள் என்றால் நார்வே நாட்டு மஸ்டாட் முள்தான். 1832-இல் தொடங்கிய அந்தக் குடும்பத் தொழிலகம் 1877 முதல் தூண்டில் முள் செய்துவந்தது என்று பிற்பாடு படித்தோம். பனி பெய்யும் ஒரு நாட்டில் வளைத்த கம்பி, குமராட்சியில் கெண்டை மீனின் வாயில் போய் மாட்டியது. உலக வணிகம் என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். அது நம் கடை டப்பாவில் அன்றைக்கே இருந்தது.

முள்ளின் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. எண் கூடக் கூட முள் சிறிதாகும். பதினாறாம் எண் நெல்லின் மூக்களவு. ஐந்தாம் எண் விராலுக்கு ஆகும். ஒன்றாம் எண்ணைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகி, ஒன்றின் கீழ் சைபர், இரண்டின் கீழ் சைபர் என்று ஏற ஏறப் பெரிதாகும். இது தெரியாமல் தந்தையார் முதல் கொள்முதலில் பெரிய முள் வேண்டும் என்று பதினாறாம் எண்ணை இரண்டு பெட்டி வாங்கி வந்துவிட்டார். அவ்வளவு சிறிய முள்ளை யார் வாங்குவார்கள்? ஊர்ப் பையன்கள்தான் வாங்கினார்கள். அயிரையும் பொடிக் கெண்டையும் பிடிக்க அதைவிடச் சிறந்த முள் கிடையாது என்று அவர்கள் கண்டுபிடித்த பிறகு, தவறாக வந்த சரக்கே நிரந்தரச் சரக்காகிவிட்டது.

முள்ளுக்கு அடுத்தது நரம்பு. தங்கூஸ் என்போம். அதற்கு முந்திய தலைமுறை முறுக்கிய பருத்தி நூலில் தூண்டில் கட்டியது. நூல் நனைந்தால் உப்பும், நாளடைவில் மக்கும். பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து நூலுக்கும் வலைக்கும் ஆயுள் கூட்டுவார்கள். அமெரிக்காவில் 1938-இல் அறிவிக்கப்பட்ட நைலான், கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் வந்து சேர்ந்தபோது பனிச்சங்காய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. தங்கூசை நாம் சில்லறையில் முழக்கணக்கில் விற்றோம். யார் கையின் முழம் என்பதில்தான் தகராறு. பையன்கள் நெட்டையான அண்ணனை உடன் அழைத்து வந்து "இவன் கையால அளந்து குடுங்க" என்பார்கள். தந்தையார் கடைசியில் பலகையின் விளிம்பில் இரண்டு ஆணி அடித்து, இதுதான் முழம் என்று முடித்துவிட்டார். எடை, அளவு ஆய்வாளர் வந்தபோது அந்த ஆணிகளைப் பார்த்துச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

மற்றதெல்லாம் காசு கொடுக்காமல் கிடைப்பவை. கழிக்குக் கொல்லை மூங்கில். நுனி மெல்லியதாகவும் வளைந்தால் திரும்பி நிமிர்வதாகவும் இருக்க வேண்டும். வெட்டி நிழலில் உலர்த்த வேண்டும். தக்கைக்குக் குளத்து நெட்டி, அல்லது மயிலிறகின் தண்டு. மயிலிறகுத் தக்கை வைத்திருப்பவன் எங்கள் கூட்டத்தில் மிராசுதார். நெட்டி நீரில் பாதி மூழ்கிப் பாதி நிற்கும். மயிலிறகுத் தண்டோ சிறு கெண்டை மூக்கால் தொட்டாலே தலையாட்டும். கெளுத்தி இழுத்தால் தக்கை ஒரே மூச்சில் உள்ளே போகும். தக்கையின் ஆட்டத்தைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்லிவிடுகிற பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது சிதம்பரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்தே வாங்குவாரா, விலை கேட்டுவிட்டுப் போவாரா என்று சொல்கிறார்.

இரைக்கு மண்புழு. விராலுக்கு மட்டும் தவளைக்குஞ்சு. விரால் காற்றுக் குடிக்க மேலே வரும். அந்தக் குமிழியைக் குறிவைத்து இரையைப் போடுவார்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிகிற இடத்தில் தாய் விரால் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் அது இரைக்காக அல்ல, கோபத்திலேயே கவ்விவிடும். அதைப் பிடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய வராலின் கதை அகநானூற்றின் 36-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் மீனும் மாறவில்லை, முள்ளும் பெரிதாக மாறவில்லை.

நரம்பில் ஈயத் துண்டைப் பல்லால் கடித்துப் பொருத்துவோம். அது நஞ்சு என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் அந்தக் குண்டுகளை விழுங்கிச் சாவதைக் கண்டு 1987-இல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையையே தடை செய்தார்கள். இன்றும் ஈயக் குண்டு விற்கும் நண்பர்கள், குறைந்தது குழந்தைகள் வாயில் வைக்காமல் சொல்லி விற்கலாம்.

தூண்டில் போக ஊத்தா உண்டு. அடியும் தலையும் திறந்த மூங்கில் கூடை. கலங்கிய ஆழமற்ற நீரில் சட்டென்று அமுக்கி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். மடையில் வைக்கும் பறியில் உள்ளே போன மீன் வெளியே வராது. கெளுத்தியின் முள் குத்தி வீங்கிய கையோடு பள்ளிக்கூடம் போய், எழுத முடியாததற்கு ஆசிரியரிடம் அடியும் வாங்கியவர்களில் நாமும் ஒருவர்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த சங்கதிக்கு வருகிறோம். முள் ஒன்று ஐந்து காசு. அடக்கம் மூன்று காசு. இரண்டு காசு லாபம் தரும் சரக்கின் மீது கடைப்பையனான நமக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் டப்பாவை மூடாமல் விட்டுவிட்டோம். கூரை ஒழுகி, மறுவாரம் பார்த்தால் பாதிப் பெட்டி துருப்பிடித்திருந்தது. தந்தையாரிடம் அடி விழுமே என்று பயந்து, துருப்பிடித்த முட்களைப் புளித்தண்ணீரில் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி, நல்ல முட்களோடு கலந்துவிட்டோம்.

நம் கடையில் முள் வாங்குவோர் எல்லாம் பையன்கள் அல்லர். நடவும் அறுப்பும் இல்லாத நாளில் மீன் பிடித்து விற்றே உலை வைக்கிற ஒரு மூதாட்டி இருந்தார். சிறு குச்சிகளில் தூண்டில் கட்டி, சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக வரிசையாக நட்டுவிட்டு, விடியலில் போய்ப் பார்ப்பார். ஒரு டஜன் முள் கேட்டார். கைக்கு வந்ததை எண்ணிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் கடை திறந்தவுடன் வந்து நின்றார். உள்ளங்கையில் நான்கு ஒடிந்த முட்கள். வளைவிலேயே ஒடிந்திருந்தன.

"தம்பி குடுத்த முள்ளு மொதலாளி. நாலும் பெரிய மீனு. இழுத்த இழுப்புல ஒடிஞ்சு போச்சு" என்றார். சண்டை போடவில்லை. வேறு நான்கு முள் தரும்படிதான் கேட்டார்.

தந்தையார் ஒடிந்த துண்டுகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. "ஆயா, நாலு மீனும் சேத்து என்னா வித்திருக்கும்?" என்றார். அவர் சொல்லக் கூச்சப்பட்டார். கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்து, புதிய பெட்டியைப் பிரித்து ஒரு டஜன் முள்ளும் கொடுத்தார். அவர் போன பிறகும் நம்மை அடிக்கவில்லை. "அஞ்சு காசு சாமான்னு நீ நெனைக்கற. அவ வீட்டு உலை அதுலதான்டா தொங்குது" என்றார். அதன் பிறகு டப்பாவைக் கொட்டி, கதவு ஆணியில் ஒவ்வொரு முள்ளாக மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஒடிந்தது, நிமிர்ந்தது எல்லாம் தனியே. அறுபதுக்கு மேல் கழிந்தன. அன்றிரவு பேரேட்டில் நஷ்டத்தை நம் பெயரிலேயே பற்று எழுதினார். ஒரு ரூபாயை ஈடுகட்ட ஐம்பது முள் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அழுதோம். பன்னிரண்டு வயது.

அந்த மூதாட்டி மறுபடியும் நம் கடைக்குத்தான் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு முள்ளை எண்ணி வாங்கியதும், கடைக்கதவு ஆணியில் தாமே ஒன்றை மாட்டி இழுத்துப் பார்த்த பிறகே காசு கொடுப்பார். நாம் அருகில் நின்றாலும் செய்வார். அவர் காலமாகும் வரை அந்தப் பழக்கம் மாறவில்லை.

முள் வியாபாரம் எப்படிப் படுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரோகு போன்ற மீன்களை ஊசி மருந்து செலுத்திக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை 1957-இல் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி வெற்றிகரமாகச் செய்தார். நாட்டுக்கு அது பெரிய நன்மை. மீன் குஞ்சு வாங்கி விடலாம் என்றானதும் ஊர்க் குளங்களுக்கு விலை வந்தது. மீன்பாசி ஏலம் சூடு பிடித்தது. ஏலம் எடுத்தவர் முதல் போட்டவர். அவர் குளத்தில் தூண்டில் போடும் பையன் திருடனானான். அவர் பக்கமும் நியாயம் உண்டு என்பது வணிகர்களான நமக்குப் புரியும். பையன் பக்கமும் உண்டு. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் இன்னொரு பக்கம் குட்டைகளை நிரப்பியது. இவை போதாதென்று பழைய கொள்ளிடத்தில் முதலை. நம் சிறு வயதில் அது பெரியவர்கள் பயமுறுத்தச் சொல்லும் கதை என்று நினைத்தோம். பிற்காலத்தில் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆற்றில் இறங்கியவர்களை அது கடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. வனத்துறையினர் பிடித்த முதலைகளை வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எந்தத் தாய் பிள்ளையைத் தூண்டிலோடு ஆற்றுக்கு அனுப்புவாள்?

ஐந்து காசும் போய்விட்டது. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் ஆயின. முள் இப்போது கண்ணாடித்தாள் பொட்டலத்தில், ஆறு, பத்து என்று அடைத்து வருகிறது. வாங்குகிறவர் இழுத்துப் பார்க்க வழியில்லை.

டப்பாவில் இருந்தவற்றைத் தினசரித் தாளில் கொட்டி எண்ணினோம். மேல் பொதியில் இருந்தவை உதிர்ந்து சிவப்புத் தூளாகிவிட்டன. அடியில் தந்தையார் கைப்பட மடித்த ஒரு பொதி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருந்தது, நாற்பத்தொரு முள். பொதியின் மேல் பென்சிலில் இரண்டு எழுத்து. நம் கடையின் அடக்க விலைக் குறி. வாங்குகிறவருக்குத் தெரியாமல் கடைக்காரர்கள் எழுதும் அந்தப் பரிபாஷை ஒவ்வொரு கடைக்கும் வேறு என்பது வாசகர்களுக்குத் தெரியும். மகனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. கணினி வந்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டோம். அன்று சொல்லிக் கொடுத்தோம். அவன் விரல் விட்டு எண்ணி, "மூணு காசு" என்றான்.

கதவை மாற்ற வந்த தச்சரிடம் பழைய நிலையில் இருந்த அந்த ஆணியை மட்டும் பிடுங்காமல் விடச் சொன்னோம். மகன் ஒரு முள்ளை எடுத்து அதில் மாட்டி இழுத்தான். முள் நன்றாகத் தாங்கியது. ஆணிதான் கையோடு வந்துவிட்டது.