ஒரு நாள் சங்கீதம்

டிசம்பர் கடைசியில் சென்னைக்குப் போகும் சாக்கோட்டைச் சகோதரிகளே, ஒரு நாளைச் சங்கீதத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்!

காலையில் மியூசிக் அகாடமியில் வித்வான்கள் பாடியும் பேசியும் விளக்குவார்கள். பகலில் பல சபாக்களில் இளம் வித்வான்களின் கச்சேரி, டிக்கெட் கிடையாது. (காண்டீன் காப்பியைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்?) மாலையில் மட்டும் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு வந்துவிடுங்கள்.

ஒரு காலத்தில் மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே பிரதானம். தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் 'துக்கடா' என்று ஓரிடம். அர்த்தம் புரியாமலே தலையாட்டினோம். உங்கள் சீமைக்காரர், கானாடுகாத்தான் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாருக்கு அது பொறுக்கவில்லை. 'சங்கீதத்துக்குப் பாஷை ஏது?' என்று எதிர்த்தவர்கள் அநேகர். ஆயினும் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அங்கே தமிழ்ப் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை.

முன் வரிசையாகப் பார்த்து உட்காருங்கள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டுமல்லவா?