கல்லாவை விட்டு எழுந்து நடப்போம்



காலையில் கல்லாவில் அமர்ந்தால் கடையடைக்கும் வரை எழாதவர்கள் நம்மில் அதிகம். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன. கெண்டைக்கால் தசை, காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் இரண்டும் குறையும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. குறைந்த அளவாக, வாரம் 5 நாள் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மண்டிக்காரர்களுக்கு அதிகாலையில் லோடு இறங்கும். அவர்கள் மாலையில் நடக்கலாம். 10 நிமிடம், 15 நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

சாலையோரத்தைவிடப் பூங்கா மேல். வண்டி பயமில்லை, நிழலும், களைத்தால் அமர பெஞ்சும் உண்டு. சென்னை லஸ் பகுதிப் பூங்கா, அமிர்தாஞ்சன் நிறுவனர் நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கியது. ஒரு வணிகர் பெயரிலுள்ள பூங்கா நமக்கு அந்நியமா?

நடக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வருபவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவும். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை வைத்திருக்கவும்.

சரக்கு இருப்பைத் தினமும் பார்க்கிறோம். முதலாளி படுத்தால் கடையும் படுத்துவிடும் என்பதையும் நினைவில் வைப்போம்.