நுழைவதா முக்கியம், வெளியேறுவதா?

ஷேர் மார்க்கெட் பேச்சு இப்போது விடுதி வராந்தா வரைக்கும் வந்துவிட்டது. செல்போனிலேயே கணக்குத் திறந்து விடுகிறோம். கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எதை வாங்கலாம், எப்ப வாங்கலாம்?" "எப்ப விக்கலாம்?" என்று கேட்பவர் அபூர்வம்.

எங்கள் மண்டகப்பட்டு விழுப்புரம் - செஞ்சி சாலையில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில் உள்ள ஊர். இந்தப் பக்கத்து விவசாயிக்கு வியாபாரம் என்றால் செஞ்சி கமிட்டி, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்தான். அவர் 'நுழைவது' விதைக்கிற நாளில். அதை மழையும் ஏரித் தண்ணீரும் தீர்மானிக்கின்றன. வெளியேறும் நாள்தான் ஓரளவு அவர் கையில். அறுவடை நேரத்தில் எல்லா ஊர் நெல்லும் ஒன்றாக வந்து குவிந்தால் விலை இறங்கும். ஏலத்தில் வந்த விலை கட்டவில்லையா, "கொடுக்கலை" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மூட்டையைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் கடன்காரன் வாசலில் நின்றால் யார் காத்திருப்பார்கள்? செமஸ்டர் ஃபீஸ் பணத்தை ஷேரில் போட்டவன் கதையும் அதேதான். அவன் எப்போது விற்பது என்பதை ஆபீஸ் நோட்டீஸ் போர்டு தீர்மானிக்கிறது!

நுழைவு முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. ஹர்ஷத் மேத்தா காலத்தைப் பாருங்கள். 1990 ஜூலையில் 1,000 புள்ளியைத் தொட்ட மும்பை சென்செக்ஸ் 1992 மார்ச் 30இல் 4,000 ஆனது. ஏப்ரல் 22இல் 4,467. வங்கிப் பத்திர மோசடி வெளியே வந்ததும், ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 570 புள்ளி சரிந்து 3,900 அளவுக்கு இறங்கியது. 1993இல் உச்சத்தில் பாதிக்கும் கீழே! அப்போதும் 1,000இல் வாங்கியவனுக்கு லாபம்தான். 4,000இல் வாங்கியவன்? சரிவு நாளன்றே விற்றிருந்தால் நஷ்டம் சுமார் 3 சதவீதம். "திரும்ப ஏறும்" என்று உட்கார்ந்தவனுக்குப் பாதிப் பணம் போச்சு. 10 சதவீதம் இழந்தவன் பழைய நிலைக்கு வர 11 சதவீதம் ஏறினால் போதும். 50 சதவீதம் இழந்தவனுக்கு 100 சதவீதம் ஏற வேண்டும்.

பத்து முறை வியாபாரம் செய்து ஏழு முறை ஜெயித்தேன் என்பான் ஒருவன். ஜெயித்தபோது பயந்துபோய் 4 ரூபாயில் விற்றான். தோற்றபோது 12 ரூபாய் வரை பிடித்துக்கொண்டிருந்தான். வரவு 28, செலவு 36. இன்னொருவன் நான்கு முறைதான் ஜெயித்தான், ஆனால் தலா 10 ரூபாய். தோற்ற ஆறு முறையும் 5 ரூபாயிலேயே வெட்டிவிட்டான். வரவு 40, செலவு 30. முதல் ஆள் மாதிரிதான் பெரும்பாலோர். அமெரிக்காவில் டெரன்ஸ் ஓடீன் பத்தாயிரம் கணக்குகளை ஆராய்ந்து 1998இல் எழுதினார்: ஜனங்கள் லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்கிறார்கள், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். விற்ற ஷேர்கள்தான் அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதம் கூடுதலாக ஓடின. நம் நாட்டில் எஃப் அண்ட் ஓ வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024இல் சொன்னது.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு 'ஸ்டாப் லாஸ்' சுலபமாகப் புரியும். அது ஃபியூஸ். ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே ரேட்டிங் பார்க்கிறோம், புகை வந்த பிறகு அல்ல. ரொம்ப மெல்லிய கம்பி போட்டால் மோட்டார் ஸ்டார்ட்டிங் கரண்ட்டிலேயே போய்விடும். தினசரி ஆட்டத்துக்குள் ஸ்டாப் வைத்தாலும் அதே கதிதான். தடித்த கம்பி போட்டால் வைண்டிங் எரியும். இன்னொன்று: ராத்திரி கெட்ட செய்தி வந்து காலையில் விலை கீழேயே திறந்தால், நாம் வைத்த விலையில் விற்காது. லோயர் சர்க்யூட் என்றால் வாங்க ஆளே இருக்காது.

அதனால் வெளியேறும் விலையை முதலில் எழுதிவிட்டு, எத்தனை ஷேர் என்பதைப் பிறகு கணக்குப் போட வேண்டும். கையில் 10,000 ரூபாய். ஒரு தடவையில் இழக்கத் தயார் 200 ரூபாய். வாங்கும் விலை 100, ஸ்டாப் 95 என்றால் 40 ஷேர். ஸ்டாப் 90 என்றால் 20தான்.